ஏலப் பட்டியலும் கல்வெட்டுப் பட்டியலும்

அணிகலனும் கற்சிற்பமும் இசைவாணர் கையாண்ட பொருளும் ஏலத்திற்கு வருங்கால், அவற்றிற்கு முன்னே ஒரு நூல் வருகின்றது. அதனை ஏலப் பட்டியல் என்பர். பொருளின் பெயர், அளவு, காலம், முன்னை உடையார், மதிப்பீடு ஆகியவற்றை முறையே கூறி, வேண்டும் இடத்து நீண்டதோர் உரையும் உடன் தருவது அது. வணிகர்க்கும் செல்வர்க்கும் உரியதெனக் கருதி, இதனை இலக்கியத் திறனாய்வாளர் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், ஒரு பொருளைப் பற்றிய உரை அப்பொருளின் விலையையே மாற்றவல்லது என்றால், அவ்வுரையை ஆராய்தல் மொழி கற்றார் கடனேயாம். ஏலப் பட்டியலை ஓர் உரைவகையாகக் கொண்டு, அதன் சொல்லாட்சி எதனை விளக்குகின்றது, எதனை மறைக்கின்றது என்பதை ஈண்டுக் காண்பாம்.

சொல்லின் விலை

2018 நவம்பரில் சோத்பிஸ் நிறுவனம் செனீவா நகரில் நடத்திய ஏலத்தில், பிரெஞ்சு அரசி மேரி அந்துவானெத்துக்கு உரியதாயிருந்த முத்துப் பதக்கம் ஒன்று விற்கப்பட்டது. அதன் மதிப்பீடு 10 முதல் 20 இலட்சம் டாலர். விற்ற விலையோ 3 கோடியே 60 இலட்சம் டாலரைக் கடந்தது. 2023 செப்டம்பரில் அதே நிறுவனம், குயீன் இசைக்குழுவின் பாடகராய் விளங்கிய பிரெடி மெர்க்குரியின் உடைமைகளை இலண்டனில் ஏலம் விட்டது. அவற்றுள் பாம்பு வடிவான வெள்ளிக் காப்பு ஒன்று 7,000 முதல் 9,000 பவுன் வரை மதிக்கப்பெற்று, 6,98,500 பவுனுக்கு விலைபோயிற்று. வெள்ளிக்கு இவ்விலை இல்லை. 'பொகீமியன் ராப்சொடி' என்னும் பாடலின் ஒளிப்படத்தில் அவர் அதனை அணிந்திருந்தார் என்னும் ஒரு தொடருக்கே இவ்விலை என்க.

இதனால் பட்டியலுரை பயனற்றது என்று கூறல் ஆகாது. அதே ஏலத்தில் அப்பாடலின் கையெழுத்து வரைவுகள் 15 தாள்கள் வந்தன. 13,79,000 பவுனுக்கு விற்றன. 'மங்கோலியன்' என்று தலைப்பெழுதிப் பின் அடித்திருத்தலை அத்தாள்கள் காட்டின. பாட வேறுபாடு ஆராயும் நமக்கு இத்தகைய செய்தியின் அருமை நன்கு புலப்படும். மேலும், அத்தாள்கள் பாடகரிடமிருந்து விருப்ப ஆவணத்தின்வழி அவர்தம் தோழியார்க்கு வந்து, அவராலேயே விற்கப்பட்டவை. ஆக்கியவரும் தெளிவு, வந்த வழியும் தெளிவு. பட்டியலுரை தன் கடமையை முற்ற ஆற்றிய இடம் இது.

வழி என்னும் உறுப்பு

நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்பர் நம் இலக்கணத்தார். பவணந்தியார் சிறப்புப் பாயிரத்திற்கு உரியனவாகக் கூறும் செய்திகளுள் ஆக்கியோன் பெயரும் வழியும் முன்னிற்கின்றன. நூற்குரிய வழி வேறு, பொருட்குரிய வழி வேறு எனினும், எங்கிருந்து வந்தது என்னும் வினா இரண்டிற்கும் ஒன்றே. பட்டியலுரையைப் பொருளின் பாயிரமாகக் கொண்டு நோக்கின், அதன் சிறப்பும் குறையும் ஒருங்கே விளங்கும்.

ஆக்கியோனைக் கூறுவதில் அவ்வுரை மிக நுண்ணியது. இன்னார் ஆக்கியது, இன்னாரது எனக் கருதத்தக்கது, இன்னார் பட்டறையில் தோன்றியது, இன்னார் வட்டத்தது, இன்னார் பாணியது என ஐயத்தின் படிகளைத் தனித்தனிச் சொல்லால் வரையறுத்து, அச்சொற்களின் பொருளையும் பட்டியலிலேயே விளக்கியிருப்பர். கலைச்சொல் ஆட்சியில் இத்துணைக் கட்டுப்பாடு பாராட்டத்தக்கதே.

வழியைக் கூறும் இடத்திலோ இந்நுண்மை நெகிழ்ந்துவிடுகின்றது. 'ஒரு பெருமகனாரின் உடைமை', 'ஐரோப்பியத் தனியார் தொகுப்பு', 'இன்ன ஆண்டில் பெறப்பட்டது' என்பன அங்குப் பயின்று வரும் தொடர்கள். பெற்றவர் யார்? கொடுத்தவர் யார்? செயப்பாட்டு வினையின் பின்னே வினைமுதல் மறைந்து நிற்கின்றது. ஆக்கியோனைப் பற்றிய ஐயத்திற்குப் பல படிகள் வகுத்தவர், உடையானைப் பற்றிய ஐயத்திற்கு ஒரு படியும் வகுத்திலர். இஃது ஏன் என எண்ணுதல் வேண்டும். முன்னைய ஐயம் வாங்குவோனை ஏமாற்றத்தினின்று காக்கின்றது. பின்னைய ஐயத்தை விரித்தால் விற்போன் உரிமையே வினாவிற்கு உள்ளாகும்.

2007 திசம்பரில் நியூயார்க்கில் 5 கோடியே 72 இலட்சம் டாலருக்கு விற்ற 'கென்னொல் பெண்சிங்கம்' இதற்கு ஏற்ற சான்று. சுண்ணக்கல்லால் ஆகிய அச்சிற்பத்தின் உயரம் 8 செண்டிமீட்டர் அளவே. அகவையோ ஏறத்தாழ 5,000 ஆண்டு. அது பாக்தாது நகர்க்கு அருகே கிடைத்ததாகச் சொல்லப்படுகின்றது. 'சொல்லப்படுகின்றது' என்னும் இவ்வொரு வினையே அதன் பிறப்பிடச் சான்று முழுதும். எம்மண்ணடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என அறியாமையால், அஃது எதற்காகச் செய்யப்பட்டது என்பதும் அறியக்கூடவில்லை. வழி அறியாத பொருள் அழகால் வாழலாம். வரலாற்றில் ஊமையாகவே நிற்கும்.

இரட்டை என்னும் சொல்

வழி தெளிவாயின் குறை தீர்ந்ததோ எனின், அன்று. 1898இல் வில்லியம் கிளாக்சுடன் பெப்பே என்பார், இன்றைய உத்தரப் பிரதேசத்துப் பிப்ராவா என்னும் ஊரில் தம் நிலத்தில் இருந்த தூபியை அகழ்ந்தார். மணற்கல்லால் ஆகிய பெரும் பேழையினுள் மாக்கற் செப்புகளும், எலும்புத் துண்டுகளும், மணிகளும் பொன் அணிகளும் இருந்தன. செப்பு ஒன்றில் பிராமி எழுத்துப் பொறித்திருந்தது. புத்தர்தம் எச்சம் எனப் பலரும் அதற்குப் பொருள் கொண்டனர்; அவர்தம் சுற்றத்தாரின் எச்சம் எனக் கொண்டாரும் உளர். எலும்புகள் சியாம் மன்னர்க்கு அளிக்கப்பெற்றன. மணிகளுள் பெரும்பகுதி கல்கத்தா அருங்காட்சியகம் சேர்ந்தது. ஐந்தில் ஒரு பங்கு அளவினவற்றை 'இரட்டைகள்' என்னும் பெயரால் பெப்பே தாமே வைத்துக்கொள்ள அன்றைய அரசு இசைந்தது. அவை வழிவழி வந்து, 2025 மே மாதம் ஆங்காங்கில் சோத்பிஸ் ஏலத்திற்கு வைக்கப்பெற்றன. இந்திய அரசு தடை கூறவே ஏலம் நின்றது. கோத்ரெஜ் நிறுவனத்தார் அவற்றை விலைகொடுத்துப் பெற, அவ்வாண்டு சூலையில் அவை இந்தியா வந்தடைந்தன.

இங்கே வழியில் மறைவு ஒன்றும் இல்லை. குற்றம் ஒரு சொல்லில் உள்ளது. ஒன்றுபோல் மற்றொன்று இருப்பின் இரண்டாவது மிகை என்பது 'இரட்டை' என்னும் அச்சொல்லின் உட்கிடை. நாணயத் தொகுப்பார்க்கு அது பொருந்தலாம். அடியார் தனித்தனியே இட்ட காணிக்கையுள் இரட்டை என்பது யாது? ஒருவன் இட்ட மணிக்கு மற்றொருவன் இட்ட மணி படியாகுமோ? ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கும் நாம் இதனை எளிதில் உணர்வோம். ஒரே நூலின் பிரதி என்று ஓர் ஏட்டைத் தள்ளினால், அதன்கண் மட்டும் எஞ்சிய நற்பாடத்தை இழப்போம். பல பிரதிகளைத் தேடி ஒப்பிட்டதோடு, அவற்றை உதவியோர் பெயரையும் முகவுரையில் பொறித்த உ. வே. சாமிநாதையர் நெறி இங்கு நினைக்கத்தக்கது.

கல்லில் எழுந்த பட்டியல்

அணிகலன்களைப் பட்டியலிட்டுரைக்கும் நெறி நமக்குப் புதியதன்று. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள், முதலாம் இராசராசனும் குந்தவையாரும் பிறரும் இறைவனுக்கு ஈந்த அணிகளை ஒவ்வொன்றாகக் கூறுகின்றன. பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணிகளைத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்தமை குறிக்கின்றன. முத்துகளை எண்ணி, வட்டம், அனுவட்டம், குறுமுத்து என வகைப்படுத்துகின்றன. மாணிக்கத்தின் குழிவையும் துளையையும் மறைக்காது உரைக்கின்றன; எடையில் சரடும் அரக்கும் சேர்ந்தமையையும் விடவில்லை. முத்துவகையுள் 'இரட்டை' என்பதும் ஒன்று. ஒட்டிப் பிறந்த முத்தின் வடிவைக் குறிக்கும் பெயர் அது. மிகையென ஒதுக்கும் சொல் அன்று.

பொருள் வகையால் இரு பட்டியலும் ஓரினமே, நோக்கமோ மாறுபட்டது. ஒன்று பொருள் இடம்பெயராமல் இருத்தற்கு எழுந்தது. மற்றொன்று இடம்பெயர்தற்கு எழுந்தது. ஆதலின் முன்னது கொடுத்தாரைப் பெயர் சுட்டியது. பின்னது வேண்டிய இடத்துக் கொடுத்தாரை மறைக்கின்றது. தஞ்சையின் அவ்வணிகள் இன்று இல்லை. பட்டியல் நிற்கின்றது, இழந்தது இன்னது என்று சொல்லும் ஆற்றல் அதற்கு உண்டு.

இவ்வாற்றல் வெறும் ஏட்டளவில் நிற்பதன்று. விருத்தாசலம் கோயிலில் இருந்த அர்த்தநாரீசுவரர் கற்படிமம் திருடப்பெற்று, வணிகர் ஒருவர் வாயிலாக 2004இல் ஆத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு கலைக்கூடத்தை அடைந்தது. இது ஏலம் அன்றாயினும், உடன் வந்த வழிக்குறிப்பு ஏலப் பட்டியலின் நடையிலேயே அமைந்தது. அக்குறிப்பு பொய் என்பதை, படிமம் தன் இடத்தில் நின்ற காலத்துப் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் எடுத்து வைத்த நிழற்படம் காட்டிற்று. 2014இல் படிமம் நாடு திரும்பியது.

மேற்கூறியவற்றால் பெறப்படுவது ஒன்று. மெய்ம்மை, வழி, உரிமை ஆகிய மூன்றும் வெவ்வேறு. மெய்ம்மையை நுணுகி உரைத்து, வழியை மங்க உரைத்து, உரிமையை உரைக்காமலே விடுதல் ஏலப் பட்டியலின் நெறி. படிப்போன் மெய்ம்மைக்குக் கிட்டிய சான்றையே ஏனைய இரண்டிற்கும் சான்றாகக் கொண்டு மயங்குகின்றான். அம்மயக்கத்தைப் பிரித்துக் காட்டுதல் திறனாய்வின் வேலை. முதுகலை மாணவர் தத்தம் ஊர்க்கோயிற் படிமங்களையும் அணிகளையும் அளந்து, எண்ணி, படமெடுத்து, இடம் சுட்டி எழுதி வைப்பாராயின், அதுவும் ஓர் இலக்கியப் பணியே. வினைமுதல் மறைந்த தொடருக்கு எதிரே வைத்தற்கு, வினைமுதல் தெளிந்த தொடர் ஒன்றேனும் நம்மிடம் இருத்தல் வேண்டும்.