பேனலில் வெட்டிய எழுத்து: பார்க்கவா, படிக்கவா?

சிந்தசைசர் மாட்யூல் சொந்தமாகக் கட்டுகிறவர்கள் முன்பலகையில்தான் சறுக்குகிறார்கள். சர்க்யூட் அருமையாக இருக்கும்; எந்தக் குமிழ் எதற்கு என்று படிக்க டார்ச் தேவைப்படும். கணினித் திரையில் அழகாகத் தெரிந்த எழுத்துருவை அப்படியே சி.என்.சி. இயந்திரத்துக்குக் கொடுத்திருப்பார்கள். அதில் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு விளிம்பு. வெட்டுமுனை இரண்டையும் தனித்தனியாகச் சுற்றிவர, 3 மி.மீ. உயர எழுத்து கூடாகவோ, அடைத்துப்போயோ நிற்கிறது.

இதற்கு விடை பழசுதான். பேன்டோகிராஃப் செதுக்கு இயந்திரங்களோடு வந்த கார்ட்டன் எழுத்தைப் பாருங்கள். எல்லாக் கோடும் ஒரே தடிமன், முனையெல்லாம் உருண்டை. சுழலும் முனை எப்படிப் போகுமோ அதுவே எழுத்து. பழைய விசைப்பலகைகளிலும் அப்பல்லோ விண்கலத்தின் கட்டுப்பாட்டுப் பலகைகளிலும் இருந்தது இதுதான். அழகென்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் படிக்க முடியும். கணினியில் வேண்டுமென்றால் 1967-ல் ஆலன் ஹெர்ஷி வெளியிட்ட கோட்டெழுத்துகளில் எளிய வகை இருக்கிறது. இலவசம் வேறு.

எழுத்துரு சரியானாலும் ஆழம் காலை வாரும். 90 பாகை 'வி' முனை 0.15 மி.மீ. இறங்கினால் 0.3 மி.மீ. கோடு கிடைக்கும். தகட்டில் 0.1 மி.மீ. மேடு பள்ளம் இருந்தால் போச்சு: மேட்டில் 0.5, பள்ளத்தில் 0.1. ஒரே சொல் தடியாகத் தொடங்கி முடியாக முடியும். பக்கம் நேரான சிறு முனையில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அது சட்டென்று ஒடியும்.

வெட்டிய பள்ளத்தில் பெயின்ட் நிரப்பாமல் விடுவதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கறுப்பு அனோடைஸ் அலுமினியத்தில் வெட்டுவாய் வெள்ளி மாதிரி மின்னும். போட்டோவுக்கு ஜோர்! மேடை விளக்கு பக்கவாட்டில் விழுந்தால் ஒரு கோணத்தில் பளிச், அடுத்த கோணத்தில் ஆளையே காணோம். வாசிக்கிறவர் தலையை ஆட்டி ஆட்டியா ஃபில்டரைத் தேடுவார்?

பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் அச்சிடுகின்றன. ஆனாலும் பாடம் அங்கேயும் உண்டு. டோப்ஃபரின் ஏ-100 வரிசையில் வெள்ளித் தகடு, கறுப்பு எழுத்து. ஆபீஸ் ஃபைல் மாதிரி சப்பென்று இருக்கும், ஒருமுறை பார்த்தால் புரியும். மேக் நாய்ஸின் மேத்ஸ் ஓவியம் மாதிரி. அதில் வளைந்தோடும் கோடுகள் சில இடங்களில் சிக்னலின் வழியைச் சொல்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பக்கம் 'ஈ.ஓ.ஆர்.', மறுபக்கம் 'ஈ.ஓ.சி.' என்று மூன்றெழுத்து வைத்தால் புதியவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? முதலாவது ஏற்றம் முடிந்ததைச் சொல்கிறது, இரண்டாவது சுற்று முடிந்ததை. 20 எச்.பி., அதாவது 10 சென்டிமீட்டர் அகலம் இருக்கிறது. இடமில்லை என்று சொல்லமுடியாது.

இடப் பஞ்சம் நிஜமாக வருவது குட்டிப் பிரதிகளில். மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கிளவுட்ஸ் 18 எச்.பி. அதன் வடிவமைப்பு திறந்த மூலம் என்பதால் 8 எச்.பி.யில் பலரும் செய்கிறார்கள். 91 மி.மீ. அகலம் 40 ஆகிறது. குமிழையும் ஜாக்கையும் ஓரளவுக்கு மேல் சுருக்க முடியாது. எழுத்தைத்தான் சுருக்குகிறார்கள். 'பிளெண்ட்' குமிழ் ஒன்றே நான்கு வேலை செய்கிறது. விரித்து எழுத வேண்டிய இடமே அதுதான். அங்கே 1.5 மி.மீ. எழுத்து, அதுவும் ஜாக்குக்குக் கீழே. கேபிள் செருகினால் தொங்கும் வயர் அதையும் மூடிவிடும். மேலே வெட்டியிருந்தால் வயர் அதைத் தொட்டிருக்காது.