ஒன்பதாம் மணி என்றால் எத்தனை மணி?

மலேசியத் தமிழ் வாசகர்கள் பைபிளை ஒரு மொழிபெயர்ப்பாக எடுத்துவைத்துப் பேசுவது அரிது. விசுவாசிகளுக்கு அது வேதம். மற்றவர்களுக்கு "அவங்க புத்தகம்". அதனால் அதன் தமிழை இரண்டு தரப்புமே கவனிப்பதில்லை. அந்தத் தமிழில் என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் கடிகாரம்.

பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்துபோகிற தூரத்துக்குள் இரண்டு தமிழ் பைபிள்கள் வாசிக்கப்படுகின்றன. புரொட்டஸ்டண்ட் ஆலயங்களில், ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் முடித்த மொழிபெயர்ப்பின் வழிவந்த பழைய பதிப்பு. கத்தோலிக்க ஆலயங்களில், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். இயேசுவைச் சிலுவையில் அறைந்த நேரத்தை மாற்கு சொல்லும் இடத்தில் முன்னது 'மூன்றாம் மணி' என்கிறது, பின்னது காலை ஒன்பது என்கிறது. இரண்டும் சரிதான். அந்தக் காலத்தில் சூரியன் எழுவதிலிருந்து மறைவதுவரை பன்னிரண்டு பங்கு போட்டு, ஒரு பங்கை ஒரு மணி என்றார்கள். எருசலேமில் அந்த 'மணி' குளிர்காலத்தில் சுமார் ஐம்பது நிமிடம், கோடையில் எழுபது நிமிடம். கிரேக்க மூலத்தில் இருப்பது இந்த இழுபடும் மணிதான். பழைய பதிப்பு அதை அப்படியே தமிழில் வைத்தது, புதியது நம் கைக்கடிகாரத்துக்கு மாற்றிக் கொடுத்தது.

மாற்றுவது நல்லதுதானே என்று கேட்பீர்கள். மத்தேயுவின் இருபதாம் அதிகாரத்தைப் பாருங்கள். திராட்சைத் தோட்டக்காரர் விடியலில் ஆள் எடுக்கிறார். அப்புறம் மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணிகளில் எடுக்கிறார். கடைசியாக பதினோராம் மணிக்கும் போய்ச் சும்மா நிற்பவர்களைக் கூட்டிவருகிறார். கூலி எல்லோருக்கும் ஒன்றே. இதைக் கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த ஒருவர் பழைய பதிப்பில் வாசித்திருந்தால் என்ன நினைத்திருப்பார்? இருட்டிலேயே பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, வெயில் ஏறுவதற்குள் வாளியோடு நிறுவைக்கு நிற்பவர் அவர். காலை பதினோரு மணி என்று எடுத்துக்கொண்டால், வந்தவனுக்கு வெட்டுவதற்கே ஒன்றும் மிச்சமில்லை. சாயங்காலம் ஐந்து மணி என்று எடுத்துக்கொண்டால், பகல் முழுக்க வேலை கிடைக்காமல் நின்றவனின் வலி கதைக்குள் வருகிறது. அவன் சோம்பேறி இல்லை, யாரும் கூப்பிடவில்லை. இந்த இடத்தில் திருவிவிலியம் கதையைக் காப்பாற்றுகிறது என்றே சொல்வேன்.

ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. பழைய பதிப்புக்காரர்கள் கையில் ஒரு தமிழ்க் கடிகாரமும் இருந்தது. சீடர்களின் படகை நோக்கி இயேசு கடல்மேல் நடந்துவரும் நேரத்தை அவர்கள் நாலாம் 'ஜாமம்' என்றார்கள். ரோமானியர் இரவை நான்கு காவல்களாகப் பிரித்தார்கள். நம் இரவுக்கும் நான்கு ஜாமம், ஒவ்வொன்றும் மூன்று மணிநேரம். அளவு அப்படியே பொருந்துகிறது. திருவிவிலியம் அங்கே 'காவல்வேளை' என்கிறது. பொருளில் துல்லியம்தான், ஆனாலும் பேய்க்கதை கேட்டு வளர்ந்த காதுக்கு ஜாமம் தரும் குளிர் அதில் இல்லை. கடைசி நாளைப் பற்றிப் பேசும்போது பழையது 'நாழிகை' என்கிறது. கணக்குப் பார்த்தால் அது தவறு, நாழிகை வெறும் 24 நிமிடம். ஆனால் அந்த இடத்தில் யார் நிமிடம் எண்ணப்போகிறார்கள்? எவருக்கும் தெரியாது என்று சொல்லவந்த நேரத்துக்கு, தோராயமாகிப்போன ஒரு பழஞ்சொல்தான் சரி.

உண்மையான சிக்கல் யோவானில் இருக்கிறது. மாற்கின்படி சிலுவையில் அறைந்தது மூன்றாம் மணி. யோவானின்படி ஆறாம் மணிவாக்கில் பிலாத்து இன்னும் விசாரணையை முடிக்கவில்லை. பழைய பதிப்பில் யோவானின் நேரம் 'ஆறுமணி' என்று இருப்பதால், அதிகாலை ஆறு என்று நினைத்துக் கடந்துபோய்விடலாம், முரண் கண்ணில் படாது. திருவிவிலியத்தில் ஒரு பக்கம் காலை ஒன்பது, இன்னொரு பக்கம் நண்பகல். மறைக்க வழியே இல்லை. யோவான் நள்ளிரவிலிருந்து எண்ணும் ரோமானிய முறையைப் பின்பற்றினார் என்று சிலர் சமாளிப்பதுண்டு. ரோமானியருக்கு நாள் நள்ளிரவில் தொடங்கியது உண்மை. ஆனால் மணியை அவர்களும் உதயத்திலிருந்துதான் எண்ணினார்கள். யோவானுக்கு அது பாஸ்காவின் ஆயத்த நாள், ஆட்டுக்குட்டிகள் அறுபடும் நாள். அவர் கடிகாரம் பார்த்து எழுதவில்லை, ஆட்டைப் பார்த்து எழுதினார் என்பது என் வாசிப்பு. இலக்கிய வாசகனுக்கு இதில் அதிர்ச்சி எதுவும் இல்லை. இரண்டு கதைசொல்லிகள் ஒரே சாவை வெவ்வேறு நேரத்தில் நிறுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

நாள் கணக்குக்கு வருவோம். வெள்ளி மாலை அடக்கம், ஞாயிறு விடியலில் கல்லறை காலி. நாற்பது மணிநேரம்கூடத் தேறாது. இது எப்படி மூன்று நாள்? எழுபத்திரண்டு மணிநேரம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, சிலுவையைப் புதன்கிழமைக்கு நகர்த்துகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் எந்தப் பாட்டியிடம் கேட்டாலும் இதற்கு விடை சொல்லியிருப்பார். செத்த நாளையும் சேர்த்துத்தான் பதினாறாம் நாள் காரியத்துக்கு எண்ணுகிறோம். 'பதினஞ்சு நாள்' என்று சொல்லி இரண்டு வாரத்தைக் குறிக்கிறோம். எஸ்தர் மூன்று நாள் இரவும் பகலும் உபவாசம் என்று அறிவித்துவிட்டு, மூன்றாம் நாளே ராஜா முன் போய் நிற்கிறாள். தோமா வந்து சேரும் 'எட்டு நாள் கழித்து' என்பதும் அடுத்த ஞாயிறுதான். இந்த எண்ணும் முறைக்குத் தமிழில் விளக்கவுரையே தேவையில்லை. ஆங்கில உரைகளைப் பார்த்துப் பிரசங்கம் தயாரிப்பவர்கள்தான் இதை ஒரு புதிராக்குகிறார்கள்.

தமிழ் உதவாத இடமும் உண்டு. நமக்கு நாள் விடியலில் பிறக்கிறது. ஆதியாகமத்திலோ சாயங்காலம் முதலில் வருகிறது, விடியல் பிறகு. இங்கே கை கொடுப்பது மலாய். வியாழன் இரவை மலாய்க்காரர்கள் 'மாலாம் ஜுமாஅத்' என்பார்கள், அதாவது வெள்ளியின் இரவு. ஆரம்பப் பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த கிழமைகளையும் நினைத்துப் பாருங்கள். அஹாட் என்றால் அரபியில் ஒன்று, இஸ்னின் இரண்டு, செலாசா மூன்று. சாப்து என்பது சாபத்தேதான். சுவிசேஷங்கள் 'வாரத்தின் முதலாம் நாள்' என்பதை ஞாயிறு என்று தமிழ் விளக்க வேண்டியிருக்கிறது, மலாயில் அது பெயரிலேயே இருக்கிறது.

'பெரிய வியாழன்', 'பெரிய வெள்ளி' என்று நாம் இரண்டாகப் பிரித்திருப்பதில் இழந்தது என்ன என்பதும் இங்கே தெரிகிறது. அஸ்தமனத்திலிருந்து எண்ணினால் கடைசி விருந்து, தோட்டத்துக் கைது, சேவல் கூவல், சிலுவை, அடக்கம் எல்லாம் ஒரே நாள். அப்பம் பிட்டவனும் அறையப்பட்டவனும் ஒரே நாளுக்குள் இருக்கிறான். இரண்டு பெயர் வைத்த தமிழில் அந்த மூச்சுமுட்டல் கலைந்துபோகிறது. இதை எந்த மொழிபெயர்ப்பாளராலும் சரிசெய்ய முடியாது, பஞ்சாங்கத்தைத்தான் மாற்ற வேண்டும்.

நம் கடிகாரம் மட்டும் ஒழுங்கா? 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்குத் தீபகற்ப மலேசியா முள்ளை அரைமணி முன்னே தள்ளி, நேராக 1982க்குள் போனது. சபா, சரவாக்கோடு ஒரே நேரம் வேண்டும் என்பதற்காக. அதற்கு முன்பு ஜப்பானியர் காலத்தில் இங்கே தோக்கியோ நேரம் ஓடியது. இதன் விளைவாகக் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டுக்கு அல்ல, ஏறக்குறைய ஒன்றேகாலுக்கு. பெரிய வெள்ளி இங்கே பொதுவிடுமுறை இல்லை. அரைநாள் லீவு போட்டு, கிள்ளானிலிருந்து கொமுட்டர் பிடித்து, மூன்று மணி ஆராதனைக்கு மூச்சுவாங்க வந்து சேர்கிறார்கள். மாற்கு சொல்லும் ஒன்பதாம் மணி நம் வானத்தில் சுமார் நாலேகாலுக்குத்தான் வருகிறது. அதற்குள் பலர் வீடு திரும்பும் ரயிலில் இருப்பார்கள்.