வசனமில்லாத எட்டு நிமிடம்

மிக்கேல் டுடோக் டெ விட் இயக்கிய 'ஃபாதர் அண்ட் டாட்டர்' (2000) அனிமேஷன் குறும்படத்துல வசனமே கிடையாது. முகங்கள்கூடச் சரியாகத் தெரியாது. படகேறப் போன அப்பா திரும்பி ஓடிவந்து மகளை இன்னொரு முறை அணைக்கிறார். பிறகு போய்விடுகிறார், அவ்ளோதான். அவளோ சிறுமியாக, தாயாக, கிழவியாக அதே கரைக்கு சைக்கிளில் வந்துகொண்டே இருக்கிறாள். முதுமையில் சைக்கிளை நிறுத்துகிறாள், விழுகிறது. மறுபடி நிறுத்துகிறாள், மறுபடி விழுகிறது. அப்படியே விட்டுவிட்டு நடக்கிறாள். எனக்குத் தொண்டை அடைத்தது அங்கேதான்.

நீர் வற்றிய இடத்தில், பழைய படகுக்குள் அவள் படுப்பதோடு முடித்திருக்கலாம், அப்பாவோடு சேர்த்து வைத்தது நமக்குக் கொடுத்த மிட்டாய் என்றுதான் முன்பு நினைத்தேன். இப்போ அப்படித் தோணலை. முதலில் திரும்பி ஓடிவந்தது அவர். கடைசியில் ஓடுவது அவள். அந்தக் கணக்கு நேராக வேண்டாமா?