கொம்பும் குழலும்: இசைக்கருவி வளர்ச்சியின் சமூகப் பின்னணி

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர், அவற்றின் மாற்றங்களைத் தனியொரு மேதையின் கைத்திறனுக்கே உரித்தாக்குதல் வழக்கம். இந்நோக்கு முழுமையானதன்று என்பதே எமது கருத்தாகும்.

ஐரோப்பியக் கொம்பை நோக்குவோம். வேட்டைக்களத்திலிருந்து அரசவை புகுந்த அக்கருவி, தன் குழாயின் நீளத்துக்கு இயல்பான சுரங்களையே தெளிவாகத் தந்தது. ஏனையவற்றைக் கொம்பின் வாயிற் கையை நுழைத்தே பெறவேண்டியிருந்தது; அவை மங்கி ஒலித்தன. பிரபுக்களின் மண்டபத்தைவிட்டு இசை பொது அரங்குக்குப் பெயர்ந்த காலத்தில், 1818இல், பேர்லினில் ஸ்ரோல்செல், புளூமெல் இருவரும் வால்வுக்கு உரிமம் பெற்றனர். விரலசைவிற் குழாயின் நீளம் மாறிற்று. சுரங்கள் யாவும் ஒத்த தெளிவு பெற்றன. 1849இல் சூமான் வால்வுக் கொம்புக்கென்றே எழுதினார். ஆயினும், 1865இல் பிராம்ஸ் தமது மூவர் இசையைப் பழைய கொம்புக்கே அமைத்தார். புதுமை ஒன்றைத் தருகையிற் பிறிதொன்றை இழக்கச்செய்வதும் உண்டு.

நாகசுரத்தின் கதையும் இத்தகையதே. திருவீதியில் நெடுந்தொலைவு கேட்கவேண்டிய திமிரிக்கு உச்சச் சுருதி தேவைப்பட்டது. சபா மேடையும் ஒலிவாங்கியும் வந்தபின் அத்தேவை குறைந்தது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீண்டு தாழ்ந்த சுருதியுடைய பாரியைக் கைக்கொண்டார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அதனைச் செம்மைசெய்தார். கருவி நீண்டதோடு, அதனை வாசித்தவரின் சமூகத் தகுதியும் உயர்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இனி நமது மண்ணுக்கு வருவோம். மட்டக்களப்புப் பறைமேளத்தோடு ஊதப்படும் சொர்ணாளியும் குழற் கருவியே. அதற்கு அரங்கு வாய்க்கவில்லை. சடங்கும் குடிமைத் தொழிலுமே அதன் களமாயின. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், மறைந்துபோன யாழைக் கணிதத்தின் துணையால் ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூலை' அளித்தார். அப்பெருமுயற்சியைப் போற்றும் நாம், மறையாது நம் செவியில் ஒலிக்கும் குழலை அதே கருத்தோடு ஆராய முற்பட்டோமா?

கலையைக் காக்குமாறு கலைஞரை வேண்டுவது எளிது. இழிவின் அடையாளமாகச் சுமத்தப்பட்ட கருவியை இளந்தலைமுறை கைவிடுமாயின், அஃது அறியாமையன்று, எதிர்ப்பாகும். ஆகவே, புளியந்தீவிலிருந்து வாவியைக் கடந்தால் எட்டும் கல்லடியின் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் போன்றவற்றில், அக்கலைஞர் ஆசிரியராக அமரவேண்டும். துளைகளை அளப்பது அதன்பின் செய்யவேண்டிய பணி. கருவியின் வளர்ச்சி மனிதரின் மதிப்பிலிருந்தே தொடங்குகின்றது.