வேலிகாத்தானும் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லும்

திண்டிவனம் பக்கம் சீமைக் கருவேலத்துக்கு வேலிகாத்தான்னு பேரு. அரசு மொழியில் அதுவே 'ஆக்கிரமிப்பு அயல் தாவரம்'. இவற்றை அகற்றி வாழிடங்களை மீட்க 2022இல் தமிழக அரசு ஒரு கொள்கையே வகுத்தது. அந்த 'ஆக்கிரமிப்பு'தான் எனக்கு உறுத்துகிறது. ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டவனுக்கு வருகிற நோட்டீசிலும் இதே சொல்தான்.

மரத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தன் நிழலில் வேறெதையும் லேசில் வளரவிடாது, நீர்நிலைகளை அடைத்துவிடும். 2021இல் பறவைகள் சரணாலயமான கழுவேலிக்கு அது வேண்டாத விருந்தாளிதான். ஆனால் விருந்துக்கு அழைத்தது யார்? 1877இல் விறகுக்கென்று இந்தியாவுக்குள் கொண்டுவந்தது காலனிய அரசு. 1882இல் சென்னை வனச்சட்டம் போட்டுக் காடுகளை வேலிக்குள் அடைத்ததும் அதுவேதான். காடு பறிபோனவர்களின் அடுப்பில் பிற்பாடு எரிந்தது இந்த முள்மரம். இதை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைத்த இருளர்களும் நிலமற்ற தலித்துகளும் 'அயல் தாவரம்' என்கிற கதையாடலில் எங்கே? (விறகு வெட்டிலேயே கொத்தடிமையாய்க் கிடந்த இருளர் குடும்பங்களும் உண்டு. ஆகவே கரிமூட்டத்தைப் புனிதப்படுத்தவும் முடியாது.)

சரி, மீட்கப்போகும் காடு எது? இந்தக் கரையோரத்தின் உலர் பசுமைமாறாக் காடு: வீரை, காசா, உலக்கைப்பாலை, கருங்காலி. கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில்காடு போன்ற துண்டுகளில் அது மிஞ்சியிருக்கிறது. இவற்றை 'மனிதர் தீண்டாத காடு' என்று எழுதுகிறார்கள். சேரியும் ஊரும் பிரிந்துகிடக்கிற மாவட்டத்தில் 'தீண்டாத' என்பதை இவ்வளவு சுளுவாக எழுத முடிகிறதே! குதிரை சுட்டு வைத்தவர்கள், சுள்ளி பொறுக்கியவர்கள், உள்ளே வராதே என்று நிறுத்தப்பட்டவர்கள் எல்லோரும் அந்தச் சொல்லில் காணாமல் போகிறார்கள்.

1968இல் தொடங்கிய ஆரோவில்லிலும் இந்தச் சிக்கல் உண்டு. அரித்துப்போன செம்மண்ணில் வரப்புக் கட்டி, மழைநீரை நிறுத்தி, காடு வளர்த்தது பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. முதலில் வேகமாய் வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியாவையும் நட்டார்கள். அதன் நிழலில்தான் பல நாட்டுமரங்கள் எழுந்தன. அயல் மரம் எப்போதும் எதிரியல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் குயிலாப்பாளையத்திலிருந்தும் எடையஞ்சாவடியிலிருந்தும் வந்து குழி வெட்டிய கைகள், 'வெறும் பாலையைச் சோலையாக்கிய' கதையில் ஓரமாகவே நிற்கின்றன.

வேலிகாத்தானை ஜேசிபி வைத்துப் பிடுங்குவது ஒரு நாள் கூத்து. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். காயைத் தின்ற ஆடுமாடு சாணத்தோடு விதையைப் போட்டுவிட்டுப் போகும். மண்ணுக்குள் கிடக்கும் விதை மழைக்குக் காத்திருக்கும். வருஷக்கணக்காக அங்கேயே இருந்து கன்றைப் பிடுங்கி, நாட்டுமரத்துக்குத் தண்ணி ஊத்த ஆள் வேண்டும். அந்த மரத்தின் வேர் வரைக்கும் தெரிந்தவர்கள் அதை வெட்டிப் பிழைத்தவர்களே. காண்டிராக்டர் மரத்தை லாரியில் ஏற்றிப்போன பிறகு அவர்களுக்கு அடுப்பெரிக்க என்ன, கூலி என்ன, மீண்டுவரும் காட்டில் உரிமை என்ன? 2006இன் வன உரிமைச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் ஜேசிபி இறங்குவதற்கு முன்பே இதைக் கேட்க வேண்டியிருக்கிறது.