பார்த்தெழுதினால் போதுமா?

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு வாசிப்பும் எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் இரண்டு வகைப் பேச்சுதான் காதில் விழுகிறது. அரசு விழா மேடையில் அது சாதனை. ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அது சுமை. இரண்டு தரப்பும் திட்டத்தைப் பற்றிப் பேசுகின்றனவே தவிர, அந்த வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுக் குழந்தை இன்று எதை வாசித்தது, எதை எழுதியது என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைத் தேனி மாவட்டத்தில், குறிப்பாகக் கம்பம் பள்ளத்தாக்கில் வைத்துக் கேட்டால், திட்டத்தின் பலமும் பலவீனமும் துலக்கமாகத் தெரியும். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வாசிப்பைக் கற்றுக்கொடுப்பதில் இந்தத் திட்டம் சரியான இடத்தில் தொடங்கியிருக்கிறது, எழுத்தைப் பொறுத்தவரை அது இன்னும் பார்த்தெழுதுவதைத் தாண்டவில்லை. எழுத்தில் உள்ள இந்தக் குறை வாசிப்பையும் பின்னுக்கு இழுக்கிறது.

பலத்திலிருந்து தொடங்குவதுதான் நியாயம். கொரோனாவுக்குப் பின் 2021 நவம்பர் 1 அன்று தொடக்கப் பள்ளிகள் திறந்தபோது, மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்த குழந்தை முதல் வகுப்பைக்கூட முழுதாகப் பார்த்திருக்கவில்லை. அந்தக் குழந்தையிடம் மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தை விரிப்பதில் பொருள் இல்லை. 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 'அரும்பு', 'மொட்டு', 'மலர்' என்று மூன்று நிலைகளை வகுத்து, வயதையும் வகுப்பையும் பார்க்காமல் என்ன தெரியும் என்பதைப் பார்த்துக் குழந்தைகளைப் பிரித்தது. அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பது பலன் தரும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. பிரதம் அமைப்புடன் சேர்ந்து அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் பிறரும் பல மாநிலங்களில் நடத்திய ஆய்வுகளில், ஆசிரியருக்குப் பயிற்சியும் கையேடும் கொடுத்து அனுப்பியதோடு நின்ற இடங்களில் பெரிதாக எதுவும் மாறவில்லை. ஹரியானாவில் அன்றாடம் இதற்கென்றே நேரம் ஒதுக்கி, நிலைவாரியாகக் குழந்தைகளை உட்காரவைத்தபோதுதான் வாசிப்பு உயர்ந்தது. நேரமும் பிரிவும் சேர்ந்தால்தான் பலன் என்ற இந்தப் பாடத்தை நம் திட்டம் கணிசமாகவே உள்வாங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, ஆந்திரத்து ரிஷிவேலியின் பள்ளிகளைப் பார்த்துவிட்டு 2003இல் மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவியது. ஏணிப்படி, அட்டை, தட்டு, தரையில் வட்டமாக உட்காரும் குழந்தைகள், குழந்தை எட்டும் உயரத்தில் சுவர் நெடுகக் கரும்பலகை எனத் தொடக்கப் பள்ளியின் உருவத்தையே அது மாற்றியது. குழந்தை தன் வேகத்தில் முன்னேறலாம் என்ற எண்ணத்தை அதிகாரபூர்வமாக்கியது அதுதான். அதன் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. அட்டையை எடுத்து முடித்து வைத்துவிட்டு அடுத்த அட்டைக்குப் போகும் குழந்தை, வகுப்போடு சேர்ந்து ஒரு கதையைக் கேட்பதும் பேசுவதும் அருகிப்போயிற்று. 'எண்ணும் எழுத்தும்' கதையையும் பாடலையும் திரும்ப வகுப்புக்குள் கொண்டுவந்தது பெரிய திருத்தம். ஆனால் செயல்வழிக் கற்றலிடமிருந்து ஒரு பழக்கத்தைக் கேள்வியில்லாமல் வாங்கிக்கொண்டது. எழுத்து முடிந்தபின் சொல், சொல் முடிந்தபின் வாக்கியம், வாக்கியம் முடிந்தபின் சொந்தக் கருத்து என்ற வரிசைதான் அது.

இந்த வரிசையின் விலை என்ன? தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்துகள். அதில் 216 உயிர்மெய். கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இந்திய எழுத்து முறைகளில் எழுத்தறிவு முற்றுப்பெற ஆங்கில அரிச்சுவடியைவிட மிக நீண்ட காலம் பிடிக்கிறது என்றும், மூன்றாம் நான்காம் வகுப்பிலும் அது தொடர்கிறது என்றும் காட்டியிருக்கிறார். தமிழில் மெய்யெழுத்துகள் குறைவு என்பது ஆறுதல்தான். கொம்பும் காலும் இரட்டைச்சுழியும் பழக எடுக்கும் காலம் அதனால் சுருங்கிவிடுவதில்லை. எழுத்துகள் முழுவதும் கைவந்த பிறகுதான் சொந்தமாக எழுதலாம் என்றால், ஒரு சராசரிக் குழந்தை மூன்று வருடம் காத்திருக்கும். அரும்பு நிலையிலேயே தங்கிவிட்ட குழந்தையோ தொடக்கப் பள்ளியை முடிக்கும்வரை காத்திருக்கும். மலர் நிலையில் சொந்த வாக்கியத்துக்கு இடம் இருக்கிறது, உண்மைதான். அந்த நிலையை எட்டியவர்களுக்கே அது கிடைக்கிறது என்பதுதான் சிக்கல். எவருக்கு அதிகம் தேவையோ அவருக்குப் புள்ளியை இணைப்பதும், கோட்டின் மேல் எழுதுவதும், படத்தின் கீழ் இருக்கும் சொல்லை நான்கு முறை பார்த்தெழுதுவதும் மிஞ்சுகிறது.

பார்த்தெழுதிய நோட்டில் பிழை இருக்காது. ஆசிரியருக்கும் பார்வையிட வரும் அலுவலருக்கும் அது மகிழ்ச்சி. ஆனால் குழந்தைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று அந்த நோட்டு சொல்லாது. எடுத்துக்காட்டுக்கு, கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு குழந்தை இப்படி எழுதியதாக வைத்துக்கொள்வோம்: 'எங்கம்மா ஜீப்புல எலக்காட்டுக்கு போயிருக்கு. வாளப்பளம் வாங்கிட்டு வரும்.' சிவப்பு மையைத் திறந்தால் நோட்டு முழுக்கச் சுழிக்கலாம். நிதானமாகப் பார்த்தால் தெரிவது வேறு. குழந்தை இரண்டு முழு வாக்கியங்களைப் புள்ளி வைத்துப் பிரித்திருக்கிறது. ப்பு, ட்டு, க்கு என ஒற்றும் உகரமும் சரியாக விழுந்திருக்கின்றன. ஏலம் எலமானதால் குறில் நெடிலில் இன்னும் பிடி வரவில்லை. 'வாளப்பளம்' எழுத்துப் பிழை என்பதைவிட, இந்த வட்டாரத்து உச்சரிப்பை அப்படியே காதால் கேட்டு எழுதிய திறமை. ழகரத்தைத் தனியாகக் காட்டினால் போதும். 'போயிருக்கு' என்பதற்கு வகுப்பறைத் தமிழில் 'போயிருக்கிறார்' என்று ஒரு வடிவம் உண்டு என்பதை இந்த வாக்கியத்தை வைத்தே சொல்லிக்கொடுக்கலாம். அடுத்த வாரம் என்ன நடத்த வேண்டும் என்பதை எந்தச் செயலியும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

அந்த வாக்கியத்துக்குக் கம்பம் பள்ளத்தாக்கை நான் எடுத்துக்கொண்டது காரணத்தோடுதான். கூடலூர், கம்பம், கோம்பை, தேவாரம், போடி என்று அடிவாரம் நெடுக விடியுமுன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தாய்மார் பொழுது சாயத்தான் திரும்புகிறார்கள். காலை உணவுத் திட்டம் இந்த வீட்டுக் குழந்தையின் வயிற்றைக் கவனிக்கிறது. மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து 'என்ன எழுதினே, காட்டு' என்று கேட்க ஆள் இல்லை. இதோடு, வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் குடும்பங்கள் இந்தப் பள்ளத்தாக்கில் தலைமுறைகளாக இருக்கின்றன. மலையடிவாரத்தில் பளியர் குடியிருப்புகள் இருக்கின்றன. இந்தக் குழந்தைகளுக்குப் பாடப்புத்தகத் தமிழ் காதால் கேட்டுப் பழகிய மொழி அல்ல. அச்சுத் தமிழோடு அவர்களுக்குள்ள மொத்த உறவும் பள்ளி மணி அடிப்பதற்கும் விடுவதற்கும் இடையில்தான். அந்த நேரத்தைப் புள்ளி இணைப்பதில் கழித்தால், அவர்கள் இழப்பதை ஈடுகட்ட வேறு இடம் கிடையாது. அதே குழந்தைகளுக்குத் திராட்சைப் பந்தல் தெரியும், கவாத்து தெரியும், மருந்தடித்த தோட்டத்துக்குள் எத்தனை நாள் போகக்கூடாது என்று தெரியும், பெரியாற்றுத் தண்ணீர் எப்போது வாய்க்காலில் வரும் என்று தெரியும். எழுதுவதற்குச் சரக்கு இல்லை என்று சொல்ல முடியாது. கேட்பார்தான் இல்லை.

'எழுத்தே தெரியாத பிள்ளை எதை எழுதும்? தப்பாக எழுதி அதுவே பழகிவிடாதா?' இது ஆசிரியர்களிடம் வலுவாக இருக்கும் ஆட்சேபம். அலட்சியமாகத் தள்ள முடியாது. முதல் பாதிக்கு விடை எளிது. ட, ப, ம என்ற மூன்று எழுத்தும் ஒற்றும் தெரிந்தால் படம், பட்டம், மடம் எழுதலாம். அதற்கு மேல் வேண்டியதைக் குழந்தை வாயால் சொல்ல, ஆசிரியர் பலகையில் எழுதிக்காட்டி, எல்லாரும் சேர்ந்து வாசிக்கலாம். நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குச் சில்வியா ஆஷ்டன் வார்னர் குழந்தைகளின் சொந்தச் சொற்களிலிருந்தே வாசிப்பைத் தொடங்கியது உலகறிந்த செய்தி. இரண்டாம் பாதிக்கு ஆய்வுகள் பதில் சொல்கின்றன. கனடாவில் ஜீன் ஊலெட், மோனிக் செனெஷால் இருவரும் மழலையர் வகுப்பில் நடத்திய சோதனையில், காதில் கேட்டபடி எழுதவிட்டுப் பிறகு பதமாகத் திருத்திக்கொடுத்த குழந்தைகள் மற்றவர்களைவிட வாசிப்பிலும் முன்னேறினார்கள். திருத்திக்கொடுத்தது என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். எழுதவிட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் பிழை பழகத்தான் செய்யும். ஆங்கிலத்துக்குச் செய்த ஆய்வு தமிழுக்குப் பொருந்துமா என்றால், ஒலிக்கும் எழுத்துக்கும் ஆங்கிலத்தைவிட நெருக்கமான தொடர்பு உள்ள தமிழில் இந்த வழி எளிதாகத்தான் இருக்க வேண்டும்.

'நாங்களெல்லாம் எழுதி எழுதித்தானே கற்றோம்' என்ற வாதம் இன்னொன்று. பார்த்தெழுதியே தேறியவர்கள்தான் இன்று இந்த வாதத்தைச் சொல்லும் இடத்தில் இருக்கிறார்கள். தேறாதவர்கள் ஐந்தாம் வகுப்போடு தோட்ட வேலைக்குப் போனார்கள். அவர்கள் கணக்கில் வருவதில்லை. கையெழுத்துப் பயிற்சிக்குப் பயன் உண்டு. பத்து நிமிடம் இருக்கட்டும். அதை எழுத்துக் கல்வி என்று பெயர் சூட்டி நாள் முழுக்க நீட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

நேரமின்மை என்ற ஆட்சேபம்தான் உண்மையான தடை. இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு என்பது சிற்றூர்ப் பள்ளிகளின் நடைமுறை. அதற்கு மேல் 'எமிஸ்' இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, இணையவழி வளரறி மதிப்பீடு, பயிற்சிக் கூட்டம். இந்த மதிப்பீட்டுச் சுமையை எதிர்த்து டிட்டோஜாக் போன்ற கூட்டமைப்புகள் குரல் எழுப்பியதை வேலை செய்ய மனமில்லாதவர்களின் சாக்கு என்று ஒதுக்குவது நேர்மையாகாது. முதல் மூன்று வகுப்பையும் ஒரே அறையில் வைத்திருப்பவர், ஒவ்வொரு குழந்தைக்கும் செல்பேசியில் விடை பதிந்துகொண்டிருக்கும்போது மற்றக் குழந்தைகள் பார்த்தெழுதத்தான் செய்வார்கள். பார்த்தெழுதுதல் இவ்வளவு செழித்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்: வகுப்பை அமைதியாக வைத்திருக்க அதைவிட மலிவான வழி இல்லை. இங்கே குறை சொல்ல வேண்டியது ஆசிரியரை அல்ல, அளவுகோலை. அளக்கப்படுவதே நடத்தப்படும் என்பதற்கு, ஊரகக் குழந்தைகளின் கற்றலை அளக்கும் ஏசர் அறிக்கையும் விலக்கல்ல. 2022இல் தமிழ்நாட்டு ஊரகங்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு என்று அது சொன்னபோது பெரிய அதிர்ச்சி கிளம்பியது. 2024இல் நிலை தேறியதும் நிம்மதி வந்தது. அந்தக் கணக்கெடுப்பு வாசிக்கச் சொல்லிக் கேட்கிறது, கணக்குப் போடச் சொல்கிறது, எழுதச் சொல்வதில்லை. தேசிய அடைவுத் தேர்வு சரியான விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. நம் குழந்தைகள் சொந்தமாக ஐந்து வரி எழுதுவார்களா என்பதற்கு இந்தப் பெரிய அளவைகள் எதிலும் பதில் கிடையாது. கேட்காத கேள்விக்கு எந்தப் பள்ளியும் தயாராகாது.

ஆகவே நான் கேட்பது கூடுதல் திட்டம் அல்ல, இருப்பதற்குள் ஒரு மாற்றம். நிலைப்பிரிவு எழுத்து கற்பிக்கும் நேரத்துக்கு மட்டும் இருக்கட்டும். அரும்பும் மலரும் சேர்ந்து உட்கார்ந்து ஆசிரியர் வாசிக்கும் கதையைத் தினமும் கேட்கட்டும். கதை கேட்க எழுத்து தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வெளியிட்ட சின்னஞ்சிறு புத்தகங்கள் 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என்று படிப்படியாக வந்திருக்கின்றன. நல்ல முயற்சி, அலமாரியில் பூட்டிவைக்காதவரை. கதை முடிந்ததும் குழந்தை ஒரு வரி எழுதட்டும், எழுத முடியாத குழந்தை வாயால் சொல்லட்டும், ஆசிரியர் எழுதிக்காட்டட்டும். செயல்வழிக் கற்றல் காலத்தில் சுவரில் அடித்த அந்தத் தாழ்ந்த கரும்பலகை பல பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. சொந்த வரிக்கு அதைவிட நல்ல இடம் வேண்டாம். ஒரு நாளைக்கு ஐந்து குழந்தைகளின் வரியை மட்டும் ஆசிரியர் உட்கார்ந்து பார்த்தால் போதும். வாரத்துக்குள் இருபத்தைந்து பேர் முடிந்துவிடும். பள்ளிக் கல்வித் துறையே நடத்தும் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களுக்குக் கம்பத்துத் திராட்சைத் தோட்டத்திலிருந்தும் ஏலத்தோட்ட ஜீப்பிலிருந்தும் எழுத்து போவதற்கு இதுவே முதல் படி.

இதைத் தொடங்கச் சென்னையின் ஆணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உத்தமபாளையத்தில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனமும், குறுவள மையக் கூட்டங்களை நடத்துகிற ஆசிரியர் பயிற்றுநர்களும், அடுத்த பருவத்தில் ஒரு வட்டாரத்திலாவது நிரப்பிய பயிற்சிநூலுக்குப் பதிலாகக் குழந்தை சொந்தமாக எழுதிய பக்கத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்கட்டும். பார்வையிட வரும் அலுவலர், பிழையில்லாத நோட்டைப் பாராட்டுவதை நிறுத்திவிட்டு, பிழையோடு இருக்கும் சொந்த வரியைக் காட்டச் சொல்லிக் கேட்கட்டும்.