எல்லாத்திசை ஒலிபெருக்கிகள்: ஒலித்தரத்தை மதிப்பிடுவது எப்படி?

எல்லாத்திசை ஒலிபெருக்கி, கேட்பவர் இருக்கும் பக்கம் மட்டும் ஒலியைச் செலுத்துவதில்லை. தன்னைச் சுற்றி 360 பாகையிலும் ஏறத்தாழச் சமமாகப் பரப்புகிறது. லிங்கன் வால்ஷின் கண்டுபிடிப்பைக் கொண்டு அமெரிக்காவில் 1970களில் உருவான ஓம் எஃப், ஜெர்மனியின் எம்பிஎல் ரேடியல்ஸ்ட்ராலர், 2018-இல் விற்பனைக்கு வந்த ஆப்பிள் ஹோம்பாட் ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. "அறையில் எங்கே அமர்ந்தாலும் ஒரே ஒலி" என்பதே இவற்றுக்குச் சொல்லப்படும் பெருமை. அது பாதிதான் உண்மை.

நிறை

சாதாரணப் பெட்டி ஒலிபெருக்கியில் அதிர்வெண் கூடக்கூட ஒலிக்கற்றை குறுகும். நேர் எதிரே இல்லாதவருக்கு உச்ச ஒலிகள் மங்கிக் கேட்கும். எல்லாத்திசை வகையில் இக்குறை மிகக் குறைவு. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் நேரொலியின் நிறத்தையே பெரும்பாலும் கொண்டிருப்பதால் இசை விரிந்து, இயல்பாகக் கேட்கும்.

குறை

தாழ்ந்த ஒலிகளில் இந்தப் பெருமைக்கு இடமில்லை. அங்கே சாதாரணப் பெட்டிகளும் எல்லாத் திசையிலும்தான் ஒலிக்கின்றன. இருக்கைக்கு இருக்கை வேறுபாட்டை உண்டாக்குவது அறையே. 5 மீட்டர் நீள அறையின் முதல் ஒத்ததிர்வு சுமார் 34 ஹெர்ட்ஸில் அமையும். ஒலிபெருக்கியின் வடிவத்தை மாற்றி அதை நீக்க முடியாது.

அடுத்தது ஒலிப்படிமம். பின்சுவர் 1 மீட்டர் தள்ளி இருந்தால் தெறிப்பொலி ஏறத்தாழ 6 மில்லிநொடி பிந்தி வரும். காது அதைத் தனி எதிரொலியாகப் பிரிக்காது. முதலில் வந்த ஒலியோடு சேர்த்துவிடும். ஆனால் பாடகர் நிற்கும் இடம் அகன்று, எல்லை மங்கும்.

இதைச் சொல்வது எளிதல்ல. 9 ஒலிப்பான்களில் 8-ஐப் பின்புறம் வைத்துச் சுவர்த் தெறிப்பை நம்பிய போஸ் 901 எல்லாத்திசை வகை அல்ல. ஆனால் கேள்வி ஒன்றே. இசைக்கருவிகளின் ஒலி அறையில் அலைவதாக 1970-இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் எழுத, போஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. ஒலி அலைந்தது அறை முழுவதிலுமா, இரு பெட்டிகளுக்கு இடைப்பட்ட சுவரை ஒட்டியா என்பதே விசாரணையில் முக்கியமானது. 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதழுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கேட்டதைத் துல்லியமான சொல்லில் எழுதுவது விமர்சகரின் முதற்கடமை என்பதற்கு அவ்வழக்கே சான்று.

சோதிக்கும் முறை

முன்புறத்தில் மட்டும் எடுத்த அளவீட்டால் இவ்வகையை எடைபோடுவது நியாயமன்று. பல கோணங்களில் அளக்க வேண்டும். செவிச்சோதனையில் ஒலியளவைச் சமப்படுத்தி, கருவியைத் திரைக்குப் பின்னால் மறைக்க வேண்டும். தோற்றமும் விலையும் தீர்ப்பை மாற்றும் என்பதை ஃபிளாய்ட் டூல் வழிவந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒற்றைப் பெட்டியில் கேட்டால் ஒலிநிறக் குறைகள் எளிதில் தெரியும். படிமத்தை இணையாக வைத்தே அறிய வேண்டும். சுவரிலிருந்து உள்ள தூரத்தை மாற்றியும் கேட்க வேண்டும். அத்தூரத்தைக் குறிப்பிடாத விமர்சனம் வாங்குபவருக்குப் பயன்படாது.

மதிப்பீடு

பலர் நடமாடிக்கொண்டே கேட்கும் கூடத்துக்கு இவை சிறந்த தேர்வு. ஓரிடத்தில் அமர்ந்து, பதிவிலுள்ள ஒவ்வொரு கருவியின் இடத்தையும் பிரித்தறிய விரும்புபவருக்கு, குறிப்பாகச் சுவர்கள் நெருங்கிய சிறிய அறையில், முன்னோக்கி ஒலிக்கும் நல்ல பெட்டிகளே ஏற்றவை.